கல்லுக்குள் ஒரு பட்டாணி



ஐம்பது கோடி என்ற எண்ணை எழுதிப் பாருங்கள். முதலில் 5 போட வேண்டும். அதன் பின்னால் எட்டுச் சுழியம் போட வேண்டும். 500000000. எழுதுவது எளிது. எண்ணுவதுதான் கடினம். ஒரு நொடிக்கு ஓர் எண் வீதம், இரவு பகல் ஓயாமல் எண்ணினாலும், ஐம்பது கோடியைத் தொட 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

ஏறக்குறைய ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த உலகம் எப்படி இருந்தது? மனிதன் இல்லை. மாடு இல்லை. பறவை இல்லை. தரையில் மரமும் இல்லை. உயிர் எல்லாம் பெரும்பாலும் கடலுக்குள்தான் இருந்தது. அந்தக் கடலில் ஒரு சின்னஞ்சிறு உயிர் கூட்டம் கூட்டமாக வாழ்ந்தது. நம் சமையலறைப் பட்டாணியை விடப் பெரிதல்ல. அதற்குக் கண் கிடையாது. ஆனாலும் இன்று உலகத்தின் பாறைகளுக்கு வயது சொல்ல அது உதவுகிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

உயிர் கல்லாவது எப்படி?

பெருமாள் கோயில்களிலும் சில வீடுகளிலும் சாளக்கிராமம் வைத்துப் பூஜை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அது நேபாள நாட்டின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் கருங்கல். அதனுள்ளே சக்கரம் போன்ற சுருள் இருக்கும். அந்தச் சுருள் ஒரு காலத்தில் கடலில் வாழ்ந்த ஓர் உயிரின் ஓடு. விழுப்புரம் மாவட்டத்தில் திருவக்கரை என்ற ஊரில் கல்மரங்கள் கிடக்கின்றன. பார்த்தால் மரம். தட்டினால் கல். இவை போன்றவற்றைப் புதைபடிவம் என்கிறோம்.

கடலில் ஓர் உயிர் சாகிறது. சதை அழுகிப் போகிறது. கடினமான ஓடு சேற்றில் விழுகிறது. அதன் மேல் மேலும் மேலும் சேறு படிகிறது. அடிச் சேறு அழுத்தத்தால் இறுகிப் பாறையாகிறது. ஓடும் அதோடு சேர்ந்து கல்லாகிறது. அல்லது ஓட்டின் அச்சு மட்டும் பாறையில் பதிந்து நிற்கிறது. ஈரச் சிமெண்டில் பதிந்த கோழிக்கால் போல.

சேறு படிவது ஒன்றின் மேல் ஒன்றாக. ஆகவே அடியில் இருப்பது பழையது. மேலே இருப்பது புதியது. இட்லிப் பானையில் தட்டு அடுக்குவது போலத்தான். முதலில் வைத்த தட்டு அடியில் இருக்கும். இந்த ஒரு விதியை மட்டும் மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மூன்று வரிப் பூச்சி

சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, சுமார் 49 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலத்தைக் கேம்பிரியன் காலம் என்பார்கள். அந்தக் காலக் கடல்களில் டிரைலோபைட் என்ற உயிர்கள் நிறைய இருந்தன. நண்டு, இறால், தேள், மரவட்டை, கரப்பான் எல்லாம் கணுக்கால் உள்ள உயிர்கள். டிரைலோபைட்டும் அந்தப் பெரிய கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

அதன் முதுகு ஓட்டில் நீளவாட்டில் மூன்று வரிகள் தெரியும். நடுவில் ஒரு மேடு. இரு பக்கமும் இரண்டு தாழ்ந்த பகுதிகள். இந்த மூன்றை வைத்துத்தான் அதற்கு அந்தப் பெயர். உடம்பைக் குறுக்கே பார்த்தாலும் தலை, நடு உடல், வால் என்று மூன்று பகுதி. நடு உடலில் பல வளையங்கள் இருக்கும். பல வகைகளுக்கு நல்ல கண்களும் இருந்தன.

நம் கதையின் நாயகன் இதைப் போலவே இருக்கும் ஒரு சிறிய உயிர். அதன் பெயர் அக்னாஸ்டஸ். இதையும் இதன் உறவு வகைகளையும் சேர்த்து அக்னாஸ்டிடு என்பார்கள். பெரும்பாலானவை ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. சில மில்லிமீட்டர்தான். தலை ஓடும் வால் ஓடும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரே வடிவம். நடுவில் இரண்டே இரண்டு வளையம். கண் இல்லை. புதிதாகப் பார்ப்பவருக்கு எது தலை, எது வால் என்றே தெரியாது. ஆபத்து வந்தால் கிளிஞ்சல் மூடுவது போலத் தலையையும் வாலையும் சேர்த்து மூடிக் கொள்ளும்.

படிகார நாட்டில்

ஐரோப்பாவின் வடக்கே சுவீடன் என்ற நாடு இருக்கிறது. அங்கே கின்னெகுல்லெ என்று ஒரு மலை உண்டு. அந்தப் பகுதியில் கறுப்பு நிறத்தில் ஏடு ஏடாகப் பிரியும் பாறை கிடக்கிறது. இதிலிருந்து முன்பு படிகாரம் எடுத்தார்கள். நாம் முகம் மழித்த பின் தேய்த்துக் கொள்ளும் அதே படிகாரம்தான். துணிக்குச் சாயம் ஏற்றவும் தோல் பதனிடவும் அது தேவைப்பட்டது. அந்தப் பாறை நெருப்பில் எரியும். ஆகவே சுண்ணாம்புக் காளவாயில் அதையே விறகாகவும் போட்டார்கள்.

அந்தக் கறுப்புப் பாறையின் நடுவே உருண்டை உருண்டையாகச் சுண்ணாம்புக் கற்கள் இருக்கும். உடைத்தால் மண்ணெண்ணெய் போல நாறும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் அதற்கு நாற்றக் கல் என்றே பெயர் வைத்தார்கள். சில கற்களை உடைத்தால் உள்ளே பட்டாணியைக் கொட்டி வைத்தது போலச் சின்னச் சின்ன மேடுகள் நெருக்கமாகத் தெரியும். ஒவ்வொரு மேடும் அக்னாஸ்டஸின் தலை ஓடு அல்லது வால் ஓடு.

ஒரே கல்லில் இத்தனை ஓடுகள் ஏன்? நண்டும் பாம்பும் சட்டை உரிப்பதை அறிவோம். அக்னாஸ்டஸும் வளர வளர ஓட்டைக் கழற்றிப் போட்டது. ஒரே உயிர் பல ஓடுகளை விட்டுச் சென்றது.

1822ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு அறிஞர் அலெக்சாந்தர் பிரோங்னியார் இதற்கு அக்னாஸ்டஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் இதற்கு ‘அறியப்படாதது’ என்று பொருள். சுவீடனில் கிடைக்கும் இந்த வகையின் முழுப் பெயர் அக்னாஸ்டஸ் பிசிஃபார்மிஸ். ‘பட்டாணி வடிவமுள்ள, அறியப்படாத உயிர்’ என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். பெயர் வைத்தவர் தமக்குத் தெரியாததைத் தெரியாது என்றே பெயரில் எழுதி வைத்தார். அந்தப் பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

கல்லைக் கரைத்துப் பார்த்தவர்கள்

ஓடு கிடைத்தது. ஆனால் கால் எப்படி இருந்தது? வாய் எப்படி இருந்தது? எதைத் தின்றது? பல ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. மெல்லிய உறுப்புகள் அழுகிப் போய்விடுமே!

ஜெர்மனியில் கிளாஸ் முல்லர் என்ற ஆய்வாளர் இருந்தார். அவர் வேறு ஒரு நுண்ணிய புதைபடிவத்தைத் தேடி, சுவீடன் நாற்றக் கற்களை மென்மையான அமிலத்தில் கரைத்து வந்தார். வினிகரில் இருக்கும் அமிலம்தான் அது. கிளிஞ்சல் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும் அல்லவா? அதுபோலவே சுண்ணாம்புக் கல்லும் மெல்ல மெல்லக் கரையும். கரையாமல் மிஞ்சும் மண்டியைச் சல்லடையில் வடித்து, உலர்த்தி, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் ஒவ்வொரு துகளாகப் பார்த்தார்.

1970களில் அந்த மண்டியில் எதிர்பாராதது கிடைத்தது. கால், மயிர், உணர்கொம்பு எல்லாம் அப்படியே இருக்கும் மிகச் சிறிய உயிர்கள்! இவை அழுகாமல் தப்பியது எப்படி? செத்தவுடனேயே அவற்றின் மேல் பாஸ்பேட் உப்பு படிந்துவிட்டது. வயலுக்குப் போடும் சூப்பர் பாஸ்பேட் உரத்தில் உள்ள அதே பாஸ்பேட்தான். அது மென்தோலின் மேல் உறை போல மூடிக் கொண்டது. வினிகர் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். அந்த உறையை ஒன்றும் செய்யாது.

அப்படிக் கிடைத்தவற்றில் அக்னாஸ்டஸும் இருந்தது. பெரும்பாலும் குஞ்சுகள். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவு. 1987இல் முல்லரும் டீட்டர் வாலோசெக் என்பவரும் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். மின்னணு நுண்ணோக்கி என்னும் கருவியால் ஒவ்வொரு காலையும் படம் பிடித்தார்கள். ஓட்டைப் பாதி திறந்தபடி இது நீந்தியிருக்கும் என்று கருதினார்கள். 165 ஆண்டுகளுக்கு முன் ‘அறியப்படாதது’ என்று பெயர் வாங்கிய உயிருக்குக் கைகால் தெரிந்துவிட்டது.

இது யார் வீட்டுப் பிள்ளை?

கால் தெரிந்ததும் புதிய வழக்கு ஒன்று கிளம்பியது. டிரைலோபைட்டின் கால் ஒரு மாதிரி. இதன் கால் வேறு மாதிரி. அப்படியானால் இது டிரைலோபைட்டே அல்ல, நண்டு இறாலின் முன்னோர்களுக்கு நெருங்கிய உறவு என்றார்கள் சிலர். இல்லை, ஓட்டைப் பாருங்கள், அச்சு அசல் டிரைலோபைட்தான் என்றார்கள் மற்றவர்கள்.

2019இல் கனடா நாட்டிலிருந்து ஒரு சாட்சி வந்தது. அங்கே மலைமேல் பர்ஜெஸ் பாறை என்று புகழ்பெற்ற ஓரிடம் இருக்கிறது. அங்கே கிடைத்த சில அக்னாஸ்டிடுகளில் உணர்கொம்பு, கால், குடல் ஆகியவற்றின் தடம் இருந்தது. அவை குஞ்சுகள் அல்ல, வளர்ந்தவை. அவற்றை ஆராய்ந்தவர்கள், அக்னாஸ்டிடுகள் டிரைலோபைட்டின் உடன்பிறந்த குடும்பம் என்று முடிவு சொன்னார்கள். அதாவது ஒரே தாய் வீடு, இரண்டு கிளை.

அறிவியலில் தீர்ப்பு என்பது இப்படித்தான் வரும். பெரியவர் சொன்னார் என்பதற்காக அல்ல. புதிய சாட்சி வந்தால் பழைய தீர்ப்பை மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்.

எப்படிச் சேகரிக்கிறார்கள்?

அமெரிக்காவில் யூட்டா என்ற மாநிலம் உண்டு. அங்கே மழை குறைந்த வறண்ட மலைகளில் இத்தகைய படிவங்கள் ஏராளம். காசு கொடுத்து உள்ளே போய், தாமே உடைத்து எடுத்துக் கொள்ளும் கல்குழிகள்கூட அங்கே இருக்கின்றன. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான யூட் மக்கள் டிரைலோபைட்டைத் துளையிட்டுத் தாயத்து போல அணிந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. ‘கல் வீட்டில் வாழும் சின்ன நீர்ப்பூச்சி’ என்பது அவர்கள் இதற்கு வைத்த பெயராம். எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தராமலே, இது நீரில் வாழ்ந்த உயிர் என்று அவர்கள் கண்டு கொண்டார்கள்.

சேகரிக்கும் வேலை இப்படி நடக்கும்.

முதலில் பாறை அடுக்கின் விளிம்பைப் பார்க்க வேண்டும். புத்தகத்தின் ஏடுகள் போல அது அடுக்கடுக்காக இருக்கும். ஏட்டுக்கு நடுவே உளியை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் பாறை இரண்டாகப் பிளக்கும். தெறிக்கும் சில்லு கண்ணில் படாமல் இருக்கக் கண்ணாடி அணிவார்கள்.

அடுத்தது பார்ப்பது. பெரிய டிரைலோபைட் கண்ணில் உடனே படும். அக்னாஸ்டிடு அப்படிப் படாது. காலை வெயிலும் மாலை வெயிலும் இதற்கு உதவும். சாய்ந்து விழும் ஒளியில் சின்ன மேட்டுக்கும் நிழல் விழும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைக்கண்ணாடியைக் கண்ணுக்கு அருகில் வைத்து, கல்லை அதனருகே கொண்டு வந்து, அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். நெல்லில் கல் பொறுக்கும் கண்ணும் பொறுமையும் வேண்டும்.

பிறகு எழுதுவது. கல்லில் ஓர் எண் எழுதுவார்கள். அதே எண்ணை நோட்டிலும் எழுதுவார்கள். எந்த இடம், எந்த அடுக்கு, அடியிலிருந்து எத்தனை மீட்டர் உயரம், என்ன தேதி என்று குறிப்பார்கள். அதன் பின் காகிதத்தில் சுற்றிப் பையில் வைப்பார்கள்.

ஆய்வுக்கூடத்தில், ஓட்டின் மேல் ஒட்டிய மண்ணை ஊசியால் நீக்குவார்கள். படம் பிடிக்கும் முன் படிவத்துக்குக் கறுப்புச் சாயம் பூசுவார்கள். பிறகு அதன் மேல் நவச்சாரப் புகையைக் காட்டுவார்கள். ஆம், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் பயன்படுத்தும் அதே நவச்சாரம்தான். மெல்லிய வெள்ளைப் பொடி படியும். அப்போது தலைமயிர் போன்ற கோடுகூடப் படத்தில் தெளிவாக விழும். வேலை முடிந்ததும் கழுவிவிடலாம்.

இந்தக் கோடுகள்தான் முக்கியம். ஒரு வகைக்கு ஓடு வழவழப்பாக இருக்கும். மற்றொன்றுக்கு வலை போட்டது போல இருக்கும். இன்னொன்றுக்கு ஓரத்தில் முள் இருக்கும். இவற்றை வைத்தே வகையைப் பிரிக்கிறார்கள்.

பட்டாணி சொல்லும் வயது

இவ்வளவு பாடுபட்டு என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

இட்லித் தட்டு விதியை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். ஓர் ஊர்ப் பாறையில் எது பழையது, எது புதியது என்று அந்த விதி சொல்லும். ஆனால் சுவீடன் பாறையும் சீனப் பாறையும் ஒரே காலத்தவையா என்று எப்படிச் சொல்வது? இரண்டுக்கும் இடையே பல ஆயிரம் கிலோமீட்டர் தூரம்.

பெரிய டிரைலோபைட்டுகள் பல கடலடியில் ஊர்ந்தவை. ஒரு கரையில் வாழ்ந்த வகை மறு கரைக்குப் போகவில்லை. அக்னாஸ்டிடு வகைகள் பலவும் திறந்த கடல் எங்கும் பரவின. ஒரே வகை பல கண்டங்களின் பாறைகளில் கிடைக்கிறது. அதோடு, ஒவ்வொரு வகையும் கொஞ்ச காலமே வாழ்ந்து மறைந்தது. ஆகவே இரண்டு நாட்டுப் பாறைகளில் ஒரே வகை அக்னாஸ்டிடு இருந்தால், இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் படிந்தவை.

ஒரு பழைய வீட்டை இடிக்கும்போது சுவருக்குள் ஒரு நாணயம் கிடைக்கிறது. அதில் ஜார்ஜ் மன்னர் தலை இருக்கிறது. சுவரின் வயது தோராயமாகத் தெரிந்துவிடுகிறது அல்லவா? அக்னாஸ்டிடு அப்படிப்பட்ட நாணயம்.

உலக நாடுகளின் நிலவியல் அறிஞர்கள் கூடி, பூமியின் காலக்கணக்குக்கு எல்லைக்கல் நடுகிறார்கள். கேம்பிரியன் காலத்தின் எல்லைக்கற்கள் சிலவற்றை அக்னாஸ்டிடுகளை வைத்தே நட்டிருக்கிறார்கள். 2003இல் சீனாவின் ஹூனான் மாநிலத்தில் பைபி என்ற ஊர் அருகே ஓர் எல்லை குறித்தார்கள். ஓட்டில் வலைக்கோடு உள்ள கிளிப்டாக்னாஸ்டஸ் என்ற வகை முதன்முதலில் தென்படும் அடுக்குதான் எல்லை. 2006இல் யூட்டாவின் டிரம் மலையில் மற்றொரு வகையை வைத்து இன்னோர் எல்லை குறித்தார்கள். ஆண்டுக் கணக்கை எரிமலைச் சாம்பல் அடுக்குகளில் உள்ள தாதுக்களை அளந்து சொல்கிறார்கள். எந்த அடுக்கு எதோடு சேரும் என்பதைப் படிவங்கள் சொல்கின்றன.

சின்னதாக இருப்பதிலும் ஒரு நன்மை உண்டு. எண்ணெய்க்கோ தாதுவுக்கோ ஆழ்துளை போடும்போது கைப்பிடி அளவுப் பாறைத் தண்டுதான் மேலே வரும். பெரிய படிவம் அதில் வெட்டுப்பட்டுப் போகும். சில மில்லிமீட்டர் அளவுள்ளது முழுசாகவே வரும்.

இமயத்தின் மேல் கடல்

நம் நாட்டிலும் கேம்பிரியன் பாறைகள் உண்டு. இமாச்சலப் பிரதேசத்தில் ஸ்பிட்டி என்ற பனிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்குள்ள பல ஊர்கள் கடல் மட்டத்துக்கு மேல் 3,500 மீட்டருக்கும் உயரத்தில் இருக்கின்றன. அங்கே பராஹியோ ஆற்றோரப் பாறைகளில் டிரைலோபைட்டுகள் கிடைத்தன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி ஹேடன் அவற்றைச் சேகரித்தார். கௌப்பர் ரீட் என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1910இல் நூலாக வெளியிட்டார். அண்மைக் காலத்தில் இந்திய, அமெரிக்க, சீன ஆய்வாளர்கள் சேர்ந்து மீண்டும் அங்கே ஏறினார்கள். ஒவ்வோர் அடுக்காக அளந்து சேகரித்தார்கள். 2009இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள்.

கடல் உயிர் மலை உச்சிக்கு எப்படிப் போயிற்று? உயிர் ஏறவில்லை. கடலடிதான் ஏறியது. அன்று அது இந்திய நிலத்தின் வடக்கு ஓரத்தில் இருந்த கடல். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலம் வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதத் தொடங்கியது. கடலடிப் பாறைகள் மடிந்து உயர்ந்து இமயமலை ஆயின.

சீட்டு இல்லாத கல்

ஒரு கல்லில் அழகான படிவம் இருக்கிறது. யாரோ உடைத்து எடுத்தார்கள். சுற்றுலா வந்தவர் நூறு ரூபாய் கொடுத்து வாங்கிப் போனார். அலமாரியில் வைத்தார். எங்கே கிடைத்தது, எந்த அடுக்கில் கிடைத்தது என்று எந்தக் குறிப்பும் இல்லை.

அந்தக் கல் இப்போது ஊமை. அதனால் வயது சொல்ல முடியாது. பக்கத்துப் பாறையோடு உறவு சொல்ல முடியாது. எடுத்த இடத்துக்கு மறுபடி போனாலும் அதே படிவம் அங்கே இருக்காது. ஐம்பது கோடி ஆண்டு காத்திருந்த சாட்சி, ஒரு துண்டுக் காகிதம் இல்லாததால் வாய் மூடிவிடுகிறது. பட்டா இல்லாத நிலத்துக்கு என்ன கதி என்று நமக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான்.

அருங்காட்சியகங்களில் படிவத்தோடு ஒரு சீட்டு கட்டாயம் இருக்கும். நான்கே வரி. பெயர், இடம், அடுக்கு, தேதி. அந்த நான்கு வரியை எழுதத் தெரிந்தவர் அறிவியலுக்கு உதவி செய்ய முடியும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

கிணறு வெட்டுகிறவர், கல்லுடைக்கிறவர், சாலை போடுகிறவர், ஆடு மேய்க்கிறவர் ஆகியோர் கண்ணில்தான் இவை முதலில் படும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புச் சுரங்கங்களில் வேலை செய்பவர்கள் கடல் சிப்பிகளையும் சுருள்களையும் பார்த்திருப்பார்கள். அவை அக்னாஸ்டஸ் அல்ல. அதைவிட மிகப் பிந்திய காலத்தவை. ஆனால் விதி ஒன்றுதான்.

உங்கள் கண்ணில் இப்படி ஏதாவது பட்டால் இவற்றைச் செய்யுங்கள்.

• பாதுகாக்கப்பட்ட இடமாக இருந்தால் எதையும் எடுக்காதீர்கள். திருவக்கரை கல்மரப் பூங்கா போன்ற இடங்களில் எடுப்பது தடை.

• உடைக்காதீர்கள். கிடந்த இடத்திலேயே பார்த்துக் கொள்ளுங்கள்.

• இடம், தேதி, எவ்வளவு ஆழம், பாறையின் நிறம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். முடிந்தால் படம் எடுங்கள்.

• பள்ளி ஆசிரியரிடமோ, கல்லூரி நிலவியல் துறையிலோ, அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள்.

அக்னாஸ்டிடுகள் சுமார் 44 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அடியோடு அழிந்துவிட்டன. அவை பற்றி நாம் அறிந்தது எல்லாம் கல்லிலிருந்தும், அந்தக் கல்லோடு யாரோ கவனமாக எழுதி வைத்த சீட்டிலிருந்தும் வந்ததுதான்.

படித்தோம், பேசுவோம்

1. அக்னாஸ்டஸ் என்ற பெயருக்கு என்ன பொருள்? அந்தப் பெயர் ஏன் வந்தது?

2. சுண்ணாம்புக் கல் அமிலத்தில் கரைந்தும் உள்ளே இருந்த சின்ன உயிர் கரையாதது ஏன்?

3. சுவீடன் பாறையும் சீனப் பாறையும் ஒரே காலத்தவை என்று எப்படிச் சொல்கிறார்கள்?

4. உங்கள் ஊரில் கிணறு தோண்டியபோது மண்ணும் பாறையும் எந்த வரிசையில் வந்தன? பெரியவர்களிடம் கேட்டு, மேலிருந்து கீழாக எழுதுங்கள்.

5. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பழைய பொருளுக்கு நான்கு வரியில் ஒரு சீட்டு எழுதுங்கள். பெயர், எங்கிருந்து வந்தது, யார் கொண்டு வந்தார், எந்த ஆண்டு.